இடப்பக்கச் சில்லு

கார் ஓடத் தெரியாதவர்கள்தான் கார் ஓடுகிறவர்களுக்கு அதிகம் புத்தி சொல்வார்கள். எனக்குச் சைக்கிளும் ஓடத் தெரியாது. ஆகவே நான் எவ்வளவு புத்தி சொல்லியிருப்பேன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என் மகன் குகன் கொழும்பிலிருந்து பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கி வந்தான். இரண்டு பேர்தான் இருக்கலாம். அதுவும் படுத்த மாதிரித்தான் இருக்க வேண்டும். (நான் ஒரு முறை ஏறினேன். இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.) உரும்பிராயில் எங்கள் குறுகலான ஒழுங்கைக்குள் அது வந்தால் சனம் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கும். எனக்கு அது போதும்.

எங்கள் வீட்டுக்கு முந்திய வீடு, ஒழுங்கையின் இடப்பக்கம், புவனேஸ் மச்சாளுடையது. என் கணவரின் தங்கை. அவருடைய செத்த வீட்டில் தேத்தண்ணி கொடுத்த விதத்தைப் பற்றி அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, அன்றோடு இரண்டு வீட்டுக்கும் கதை நின்றது. ஆனால் அவள் காரைப் பற்றிச் சொன்னது சந்தையைச் சுற்றிக்கொண்டு என் காதுக்கு வந்து சேர்ந்தது.

"உது என்ன கார்? சில்லெல்லாம் பல்லுப் போன கிழவியின்ரை சொக்கு மாதிரி உள்ளுக்கை போய்க் கிடக்கு."

(எனக்கும் கடைவாயில் பல் இல்லை, கன்னம் ஒட்டித்தான் கிடக்கும். சொன்னது காரைத்தானா என்று இன்றைக்கும் சந்தேகம்.) போய்ப் பார்த்தேன். நாலு சக்கரமும் உள்ளேதான் கிடந்தன. அவள் பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

குகனுக்குக் கலியாணம் வந்தது. ஊர் முழுவதற்கும் சொன்னேன், புவனேஸுக்குச் சொல்லவில்லை. தாலி கட்டி முடிந்து, நீர்வேலி மண்டபத்திலிருந்து பொம்பிளையும் மாப்பிளையும் அந்தக் காரில் அவளுடைய வாசல் படலையைக் கடந்து வரவேண்டும். அவள் பார்த்து வயிறெரிய வேண்டும். அதற்கு முதலில் சில்லு வெளியே வர வேண்டும்.

சில்லுக்கும் அச்சுக்கும் நடுவில் தடித்த அலுமினிய வளையம் ஒன்றை வைத்தால் சில்லு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். ஸ்பேசர் என்பார்கள். குகனைக் கேட்டால் விடமாட்டான். ஆனால் தாலிக்குப் பொன்னுருக்கிய பிறகு மாப்பிளை வெளியே போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எங்கள் முன்னோர்கள் எதையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மகனை வீட்டுக்குள் இருத்திவிட்டு, என் தம்பி சிவத்தைக் கொண்டு காரைக் கராஜுக்கு எடுத்துப் போனேன்.

ஸ்பேசர் இருந்தது. ஆனால் அதைப் போட்டால் போல்ட்டும் நீளமாக வேண்டுமாம். நீளப் போல்ட்டு இரண்டு சில்லுக்குத்தான் காணும் என்றார் கராஜ்காரர்.

"பின்சில்லு ரெண்டுக்கும் போடுவம், அம்மா."

"பின்னாலை ஆர் பாக்கிறது? இடப்பக்கம் ரெண்டுக்கும் போடுங்கோ."

சிவம் என்னைப் பார்த்தான். "அக்கா, ஒரு காலுக்கு மட்டும் செருப்புப் போட்டிட்டு நடக்கிற மாதிரி எல்லோ இருக்கும்? பிறேக் பிடிச்சா அந்தப் பக்கம் இழுக்கும்."

"கலியாணக் கார் ஊர்ந்துதானே போகும், அதுக்கேன் பிறேக்? மண்டபத்திலை சனம் நிக்கிறது இடப்பக்கம். அவளின்ரை படலையும் இடப்பக்கம். வலப்பக்கத்து மதிலுக்கே அழகு காட்டப் போறம்?"

அக்காவோடு வாதாடுவதைவிட லொறிக்கு முன்னால் படுக்கலாம் என்பது சிவத்தின் கொள்கை. சாவியைக் கராஜ்காரரிடம் கொடுத்தான்.

கலியாணத்தன்று குகன் தலைப்பாகையும் சால்வையுமாக வந்து வலப்பக்கத்தால் ஏறினான். சாரதி ஆசனம் வலப்பக்கம், இடப்பக்கம் அவன் கண்ணில் படவில்லை. கடவுள் என் பக்கம் என்று நினைத்தேன். மண்டபத்தில் இறங்கியபோது அவன் முகம் சரியில்லை.

"அம்மா, பிறேக் பிடிக்க ஸ்ரியறிங் இடப்பக்கம் இழுக்குது. பள்ளத்திலை விழுந்தா ரயர் உரசிற சத்தமும் கேக்குது."

"கலியாணப் பயத்திலை கை நடுங்குது, மோனை. போய் மணவறையிலை இரு."

தாலி ஏறியது. புறப்படும்போது அவன் காதுக்குள் சொன்னேன்: "புவனேஸ் மாமி வீட்டுப் படலையடியிலை மட்டும் கொஞ்சம் மெதுவா எடு."

நானும் சிவமும் வாடகை வான் ஒன்றில் பின்னால் வந்தோம். ஒழுங்கைக்குள் இடப்பக்கச் சில்லுகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போயின. படலை திறந்திருந்தது. உள்ளே புவனேஸ் நின்றாள். அவளைப் பார்க்காத மாதிரிப் பார்ப்பதற்கு நான் முகத்தை ஆயத்தப்படுத்தினேன். அந்த நேரம் பார்த்து அவளுடைய கோழி ஒன்று குறுக்கே ஓட, குகன் பிறேக்கை ஓங்கி மிதித்தான்.

தாய்ப்பசுவைக் கண்ட கன்று மாதிரிக் கார் இடப்பக்கம் பாய்ந்து, படலைக்குள் புகுந்து, செவ்வரத்தை மரத்தில் முட்டி நின்றது. ரயர் மட்காட்டில் இறுகிவிட்டது. அதற்கு மேல் முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

மருமகள் அச்சுவேலிப் பிள்ளை. எங்கள் வீட்டை முன்பின் கண்டதில்லை. கூறைச்சேலையைச் சரிசெய்துகொண்டு, பக்தியோடு வலது காலை எடுத்து வைத்தாள், புவனேஸின் முற்றத்தில்.

நான் வானிலிருந்து விழுந்தடித்து ஓடினேன். "பிள்ளை, உது எங்கடை வீடில்லை!"

"நில்லுங்கோ, மச்சாள்." அந்தச் செத்த வீட்டுக்குப் பிறகு புவனேஸ் என்னோடு கதைத்த முதல் வார்த்தை. "வாசலுக்கு வந்த பொம்பிளை மாப்பிளையை ஆலாத்தி எடுக்காமல் திருப்பி அனுப்பினா ஆருக்குக் கூடாது?"

என் மகனுக்குத்தான் கூடாது, அபசகுனம். நான் நின்றேன்.

உள்ளே போன வேகத்தில் தட்டோடு வந்தாள். வாழைப்பழத் துண்டுகளில் திரி செருகி, எல்லாம் ஆயத்தமாக இருந்தது. அவ்வளவு நேரத்துக்குள் ஒரு பழத்தை உரித்திருக்கவும் முடியாது.

"முந்தியே வெட்டி வைச்சனியோ?" என்றேன்.

"ஓம். நீங்கள் கூப்பிடாட்டி என்ன, என்ரை அண்ணையின்ரை பெடியன்தானே? கார் போகேக்கை படலைக்குள்ளை நிண்டு காட்டுவமெண்டு இருந்தனான். உள்ளுக்கையே வருவானெண்டு ஆர் கண்டது?"

வயிறெரிய வைக்க வந்த நான், ஆலாத்தி முடியுமட்டும் காருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். சின்னக் கார். நான் முழுக்க மறையவில்லை.

அப்போதுதான் குகன் இடப்பக்கம் வந்தான். குனிந்து சில்லைப் பார்த்தான். வலப்பக்கம் போய்ப் பார்த்தான். திரும்பவும் இடப்பக்கம் வந்தான். "அம்மா, இது ஆரின்ரை வேலை?"

சிவம் வானத்தைப் பார்த்தான். நான் கோழியைப் பார்த்தேன்.

பொம்பிளையும் மாப்பிளையும் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். புவனேஸும் பின்னால் வந்தாள். வா என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கு அது காணும்.

இப்போது நான் யாரைப் பற்றியாவது குறைசொல்லத் தொடங்கினால் மருமகள் அடுப்படியிலிருந்து, "மாமி, இடப்பக்கம் இழுக்குது," என்பாள். பேரன் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்குக்குச் சொல்ல, இந்த முறை முதல் ஆளாகப் புவனேஸிடம்தான் போனேன். என்னைத் தூரத்தில் கண்டதும் அவள் ஓடிப்போய்ப் படலையின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்துவிட்டாள். பிறகு கோழியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இனிப் பயமில்லை. வாங்கோ, மச்சாள்."