பெரியப்பாவின் கிரியை நாளில் நான் நிறுவிய பைதன்

எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்களால் வருகிற சேதம், ஒழுங்கில்லாதவர்களால் வருவதைவிடப் பெரியது. அவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். நாங்கள் முடிக்காமல் எழும்ப மாட்டோம்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஒரு பாடத்துக்காக எங்கள் வெள்ளவத்தை வீட்டு லப்டொப்பில் பைதன் நோட்புக் சூழலொன்றை நிறுவ வேண்டியிருந்தது. நோட்புக் என்பது பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம். நிரலைத் துண்டு துண்டாக எழுதி விடையை உடனே கீழே பார்க்கலாம். சூழல் என்பது அந்தப் பாடத்துக்கென்று கணினிக்குள் ஒதுக்கும் தனி அறை. வேண்டிய கருவிகளை எல்லாம் இணையத்திலிருந்து இறக்கி அங்கே அடுக்க வேண்டும். திங்கட்கிழமை அறை தயாராக இல்லாதவர்கள் ஆய்வுகூடத்துக்கு வரத் தேவையில்லை என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். (பகிடிக்குச் சொன்னாராம். வகுப்பில் அதை நம்பியது நான் ஒருத்திதான்.)

அதற்கு முதல்நாள், எங்கள் நேரத்துக்கு ஞாயிறு மாலை, ரொறன்ரோவில் பெரியப்பாவின் இறுதிக்கிரியை.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். நான் பிறக்கும் முன்பே கனடா போனவர். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. ஞாயிறு தவறாமல் போனில் கத்திக் கதைத்தார்கள். அந்தக் காலத்து லைன் இரைச்சலில் தொடங்கிய பழக்கம். லைன் திருந்திய பிறகும் இருவரும் "கேக்குதே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மற்றவர் "கேக்குது, சொல்லு" என்ற பிறகுதான் சுகம் விசாரிப்பது.

விசா எடுக்க நேரம் இருக்கவில்லை. கிரியை இணையத்தில் நேரலையாக வரும் என்று பெரியப்பாவின் மகன் ரூபன் அண்ணா இணைப்பை அனுப்பியிருந்தார். அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"பெட்டி மூட முதல் முகத்தை ஒருக்காப் பாக்கோணும் பிள்ளை. அவ்வளவுதான்."

"நான் எல்லாம் செட் பண்ணித் தாறன் அப்பா" என்றேன். என் தொழில்நுட்ப அறிவில் அப்பாவுக்கு இருந்த நம்பிக்கை, எனக்கு இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

பட்டியல் போட்டேன். லப்டொப் சார்ஜ். லப்டொப்பை ரீவியோடு இணைக்கும் வயர். ஸ்பீக்கர். இணைய வேகம். காலையிலேயே எல்லாவற்றையும் சோதித்துச் சரி போட்டாயிற்று. பிறகு மாலைவரை நேரம் இருக்கிறதே என்று பைதனில் கை வைத்தேன்.

நிறுவல் அழகாக முடிந்தது. நோட்புக்கைத் திறந்து முதல் வரியை ஓட்டினால், சிவப்பு எழுத்து: நீ கேட்கும் கருவி இங்கே இல்லை. இப்போது இறக்கிய கருவி எப்படி இல்லாமல் போகும்? சின்ன வயதில் கொப்பியில் ஓர் எழுத்துப் பிழைத்தால் முழுத்தாளையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிற பிள்ளை நான். அதே முறையில் அறையையே அழித்தேன். அத்தோடு நிற்காமல், இறக்கி வைத்திருந்த கோப்புகளிலும் பழுது இருக்கலாம் என்று அவற்றையும் துடைத்தேன். எல்லாம் இணையத்திலிருந்து மறுபடி வந்தது. மறுபடி சிவப்பு. மறுபடி துடைத்தேன். நடுவில் வீட்டு இணையத்தில்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகித்து, என் போன் டேட்டாவிலும் ஒரு தடவை இறக்கிப் பார்த்தேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து அத்தை வந்து சேர்ந்தபோதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை, வெள்ளைச் சேலையில் வந்து நேரே ரீவிக்கு முன்னால் நின்றார். "இதிலயோ காட்டப் போறாங்கள்? அப்ப விளக்கு வையுங்கோ." அம்மா ரீவிக்கு முன் குத்துவிளக்கை ஏற்றினார்.

"கிரியை முடிய எல்லாரும் தலை முழுகோணும்" என்றார் அத்தை.

"ரீவியில பாக்கிறதுக்குமோ மச்சாள்?"

"எதில பாத்தாலும் செத்தவீடு செத்தவீடுதான்."

அப்பா வேட்டி உடுத்து, ஷேவ் எடுத்து, முன் கதிரையில் வந்து உட்கார்ந்தார். நேரில் போகிறவரைப் போலவே கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார்.

படம் வந்தது. மண்டபம், மாலைகள், ஐயர், தலைப்பாகையோடு ரூபன் அண்ணா. பெட்டி தூரத்தில் தெரிந்தது. தேவாரம் தொடங்கியது. கமெரா மெல்ல முன்னே போனது. அப்பா கதிரையின் நுனிக்கு வந்தார்.

கமெராவுக்கும் பெட்டிக்கும் இடையில் யாரோ ஒருவரின் முதுகு வந்தது. அந்த முதுகோடு படம் நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"ஆர் உது மறைச்சுக்கொண்டு நிக்கிறது?" என்றார் அத்தை. "கொஞ்சம் விலகச் சொல்லுங்கோவன்."

அவசரத்தில் நான் அழுத்திய பட்டன் நேரலையை மறைத்து நோட்புக்கைத் திறந்துவிட்டது. விளக்குக்குப் பின்னால், ரீவி முழுக்க, சிவப்பு எழுத்து.

"இதென்ன பிள்ளை, கனடாவில ஏதும் பிரச்சினையோ?" என்று அத்தை கேட்டார்.

பிரச்சினை வெள்ளவத்தையில். எங்கள் வீட்டு இணையத்துக்குப் பகலுக்கு ஓர் அளவு, நள்ளிரவுக்குப் பிறகு ஓர் அளவு. பகல் அளவு முடிந்தால் எழுத்துச் செய்தியே ஊர்ந்துதான் வரும். நான் காலையில் வேகத்தைப் பார்த்துச் சரி போட்டிருந்தேன். வேகம் நன்றாகத்தான் இருந்தது. எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது பட்டியலில் இல்லை.

என் போனிலும் டேட்டா இல்லை. அம்மாவின் போனில் எப்போதுமே இல்லை. கீழே கடைக்கு ஓடினேன். "மாத்தயா, டேட்டா கார்ட் எக்கக். இக்மனட்ட" என்று சிங்களத்தில் அவசரமாக ஒரு கார்ட் கேட்டேன். முதலாளி என் காலைப் பார்த்தார். ஒரு காலில் அம்மாவின் செருப்பு, மற்றதில் அப்பாவின் செருப்பு. கார்டைத் தந்தார்.

திரும்பி வந்தபோது ரீவியில் அந்த முதுகு அப்படியே இருந்தது. அப்பா கதிரையில் இல்லை. ஜன்னலோரம் அம்மாவின் போனோடு நின்றார். ரூபன் அண்ணாவுக்குக் கோல் எடுத்திருந்தார். பெட்டி மூடப் போகிறார்கள் என்று சொல்லி, அவர் தன் போனைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவின் காதருகில் வைத்திருக்கிறார்.

"அண்ணை" என்று அப்பா தெருவுக்கே கேட்கக் கத்தினார். "நான்தான். கேக்குதே?"

கேட்டுவிட்டு நின்றார். பழக்கத்தில் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது. அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். போனை அம்மாவிடம் கொடுத்தார்.

என் போன் டேட்டாவில் படம் திரும்பி வந்தபோது மண்டபத்தில் ஒருவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதிதான் பாத்தது. முழுகோணுமோ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார். அத்தை சற்று யோசித்து, "முழுகுவம்" என்றார்.

மறுநாள் ஆய்வுகூடத்தில் பக்கத்திலிருந்த பெண் என் திரையை எட்டிப் பார்த்து, மேல் வலது மூலையில் ஒரு பெயரைச் சொடுக்கினாள். சிவப்பு போய்விட்டது. முதல் தடவையே எல்லாம் சரியாகத்தான் இறங்கியிருக்கிறது. நோட்புக் என் புது அறையை விட்டு, கணினியில் முன்பே இருந்த வேறோர் அறையைத் திறந்து தேடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் கழிப்பறைக்குப் போய், முகம் கழுவி, திரும்பி வந்து பயிற்சியை முடித்தேன். நல்ல புள்ளி.

ரூபன் அண்ணா ஒளிப்பதிவை அனுப்பினார். அப்பா பார்க்கவில்லை. "முடிஞ்சதைப் பாக்க அது என்ன படமே?" என்றார். என்னை ஏசவும் இல்லை. ஏசியிருக்கலாம்.

இப்போது குடும்பத்தில் நான் ஒரு பகிடி. ரொறன்ரோவில் கலியாணமோ பூப்புனித நீராட்டோ, நேரலை என்றால் ரூபன் அண்ணா முதலில் கேட்பது, "தங்கச்சிக்கு அண்டைக்குப் பாடம் ஒண்டும் இல்லையே?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.

அப்பா பகிடியாகக் கேட்பதில்லை. நான் வேலைக்குப் போய், நுகேகொடையில் அறை எடுத்து, வேறு இணைப்பில் இருக்கிறேன். ஞாயிறுகளில் இப்போது எனக்குத்தான் போன் எடுக்கிறார். "கேக்குதே?" என்று கத்துவதில்லை. தாழ்ந்த குரலில், "பிள்ளை, டவுன்லோட் ஏதும் ஓடுதோ?" என்கிறார்.

"இல்லையப்பா, சொல்லுங்கோ."

ஏதாவது ஓடிக்கொண்டிருந்தாலும், அதை நிறுத்திவிட்டுத்தான் அப்படிச் சொல்வேன்.