சுத்துதா பாயும் இரண்டு சாட்சிகளும்

எங்கள் பக்கத்தில் கலியாண முகூர்த்தத்தைக் குறிப்பவர் ஐயர் என்றோ, சீர்திருத்தக் கலியாணமாக இருந்தால் தலைமை தாங்க வரும் கட்சிப் பிரமுகர் என்றோ நீங்கள் நினைத்தால், அந்தக் காலத்து மன்னார்குடியை உங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். அந்த அதிகாரம் முழுக்க சுத்துதா பாயின் கையில் இருந்தது. அவர் காமிராவில் ரோல் மாட்டி முடிக்காமல் அந்த வட்டாரத்தில் ஒரு தாலியும் ஏறியதில்லை.

வாப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஸ்டூடியோ பலகையில் எழுதியும் இருந்தது. யாரும் அதைப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

நான் அப்போது வேதாரண்யம் உப்பளத்தில் வேலை பார்த்து, பாதம் இரண்டும் புண்ணாகி, இனித் தாங்காது என்று பஸ் ஏறி மன்னார்குடியில் வந்து இறங்கியிருந்தேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். வாடகை சைக்கிள் கடையில் வேலை கிடைத்தது. படுக்கையும் அங்கேயே, சைக்கிள்களுக்கு நடுவில். எதிர்வரிசையில் பாயின் ஸ்டூடியோ. பாய்க்கு சைக்கிள் விடத் தெரியாது. ஆகவே வெளியூர் கலியாணம் என்றால் சைக்கிளோடு சேர்த்து என்னையும் வாடகைக்கு எடுப்பார். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பள்ளம் பாத்துப் போங்க தம்பி, எனக்கு எலும்பு ஒடஞ்சா ஒட்டிக்கும், காமிராவுக்கு ஒட்டாது" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார்.

சிங்கப்பூரில் கடை வைத்திருந்த மச்சான் கொடுத்த காமிரா அது. அதிலுள்ள சின்ன ஜன்னலில் பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரியும். முன்னாலிருக்கும் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான பிறகுதான் படம் எடுக்க வேண்டும். "ரெண்டு மாப்பிள்ளையையும் ஒரே ஆளாக்கிட்டேன், இப்ப சிரிங்க" என்பார். பெண் வீட்டார் சிரிப்பார்கள். மாப்பிள்ளை முறைப்பார்.

ஒரு தொல்லை என்னவென்றால், அந்த ஜன்னலுக்கும் உள்ளே இருக்கும் பிலிமுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பிலிம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஜன்னலில் எல்லாம் ஜோராகத் தெரியும். விசையும் டிக்கென்று சொல்லும். பாய் கவிழ்ந்தது அங்கேதான்.

நான் வருவதற்கு முன்னால் நடந்த கதை அது. நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கலியாணம். பிலிமின் முனையைப் பாய் நாக்கு என்பார். அதை வலப்பக்கத்து உருளையின் பிளவில் செருகிவிட்டு மூடியைச் சாத்தினார். சாத்தும்போது அது நழுவிவிட்டது. விடிந்ததிலிருந்து பந்தி முடியும்வரை எடுத்துத் தள்ளினார். பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போதெல்லாம் உருளை மட்டும் சும்மா சுழன்றுகொண்டிருந்தது. கடைசியில் திறந்து பார்த்தால், போட்ட இடத்தில் போட்டபடி பிலிம். "நாக்க நீட்டி என்னயப் பழிச்சுக் காட்டுச்சு தம்பி" என்பார்.

பாய் என்ன செய்திருக்க வேண்டும்? ஓடியிருக்க வேண்டும். அவரோ நேரே மணமேடைக்குப் போய், "தப்பா நெனைக்காதீங்க, அந்தத் தாலிய ஒரு தடவ கழட்டிட்டுத் திரும்பக் கட்டினீங்கன்னா..." என்று ஆரம்பித்திருக்கிறார். பெண்ணின் தகப்பனார் விளக்குமாற்றைத் தேடினாராம். மாப்பிள்ளையின் தாயார்தான் குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறார். "விடுங்க சம்பந்தி! பாய், எம்மவன் மொதத் தடவையே கை நடுங்கித்தான் கட்டினான். மறுபடி கட்டச் சொன்னா ஓடியே போயிருவான், நீங்க கெளம்புங்க."

அன்றைக்குப் பிறந்ததுதான் பாயின் சட்டம். ரோல் ஒழுங்காகப் பிடித்திருந்தால், லீவரைத் தள்ளும்போது காமிராவின் இடப்பக்கத் தலையில் இருக்கும் குமிழ் தானாகச் சுழலும். அவ்வளவுதான் அத்தாட்சி. வேறு எந்த போட்டோகிராபரும் அதைத் தானே பார்த்துக்கொண்டு போய்விடுவார். பாய் தன் கண்ணை நம்ப மறுத்தார். பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், இரண்டு சாட்சி வேண்டும். காமிராவை அவர்கள் மூக்குக்கு நேரே பிடித்து, லீவரைத் தள்ளி, "சுத்துதா?" என்பார்.

யாராவது தலையை ஆட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். "தலையாட்ட மாட்டுக்கும் தெரியும். வாயத் தொறந்து சொல்லுங்க."

"சுத்துது பாய்."

"ரெண்டு பக்கமும் சொல்லணும். ஒரு பக்கத்துச் சாட்சி கோர்ட்டுல நிக்காது."

இருவரும் சொன்ன பிறகு அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து முதல் படம் எடுப்பார். பின்னால் ஏதாவது கோளாறு என்றால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் எந்தக் கலியாண ஆல்பத்தைப் பிரித்தாலும் முதல் பக்கத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்பதன் காரணம் இதுதான்.

ஒரு சீர்திருத்தக் கலியாணத்தில் எம்.எல்.ஏ. பேசிக்கொண்டிருந்தார். மாலையை எடுத்துக் கொடுக்க வேண்டியவர், அதற்கு முன் பண்டைத் தமிழரின் வீரத்தைச் சொல்ல ஆரம்பித்து, படை திரட்டி, யானைகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பாய் எடுத்துக்கொண்டே இருந்ததில் ரோல் தீர்ந்துபோனது. புது ரோல் மாட்டியவர் சாட்சிக்கு ஆள் தேடினார். எல்லோரும் பேச்சில் மூழ்கியிருந்தார்கள். நேரே மேடை ஏறி எம்.எல்.ஏ.வின் மூக்குக்கு முன்னால் காமிராவை நீட்டிவிட்டார். அந்த மனிதர் ஒரு கணம் யானைகளை மறந்து குனிந்து பார்த்து, ஒலிபெருக்கியில், "சுத்துகிறது!" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. அன்றைக்கு அவருடைய பேச்சில் கைதட்டல் விழுந்த ஒரே இடம் அதுதான்.

மாட்டுவது இப்படி என்றால், திரும்பச் சுற்றி எடுப்பது இன்னொரு கூத்து. ரோல் முடிந்ததும் அடியிலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு, அதே குமிழைத் திருப்பித் திருப்பி பிலிமை அதன் டப்பாவுக்குள் சேர்க்க வேண்டும். முழுவதும் சேர்வதற்கு முன் திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போச்சு. கடைசியில் நாக்கு உருளையிலிருந்து விடுபடும்போது விரலுக்கு ஓர் இளக்கம் தெரியும். பாய் விரலையும் நம்பவில்லை. கறுப்புக் கம்பளி ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு குந்தி, காமிராவைக் காதில் வைத்துக்கொண்டு சுற்றுவார். சுற்றும் முற்றும் யாரும் பேசக் கூடாது.

திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கலியாணம். கோயிலுக்குள் பாய் போக மாட்டார். சத்திரத்து முற்றத்தில் தம்பதியை நிறுத்தித்தான் எடுத்தார். ரோல் முடிந்தது. நாயனக்காரரைப் பார்த்து, "கொஞ்சம் நிறுத்துங்க அண்ணே, பிலிம் வீட்டுக்குப் போவுது" என்றார். தவில்காரர் வேண்டுமென்றே இன்னும் ஓங்கி வாசித்தார். பாய் கோபித்துக்கொண்டு கொல்லைப்புறத்து மூலைக்குப் போய்க் கம்பளிக்குள் புகுந்துவிட்டார். பந்தியிலிருந்து வந்த ஒரு புண்ணியவதி, யாரோ பரதேசி வெயிலில் முடங்கிக் கிடக்கிறான் என்று நினைத்து, இலையில் இரண்டு வடையும் வாழைப்பழமும் முன்னால் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். வேலை முடிந்து தலையை நீட்டிய பாய் இலையைப் பார்த்தார். "யாரு தம்பி வச்சது?" என்றபடியே ஒரு வடையைத் தின்றார். "உப்புப் பத்தல" என்றபடி இன்னொன்றையும் தின்றார்.

இப்படிப்பட்டவரைத் தேடித்தான் செல்லம்மாக்கா வந்தார்.

தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அறுவடை என்றாலே வரப்போரம் போலீஸ் வேன் நிற்கும் காலம் அது. குத்தகைக்கு உழுகிறவர் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. சட்டம் வந்ததும் பல மிராசுதார்களுக்குத் தங்கள் நிலத்தில் தலைமுறையாக உழுதவர்களின் முகமே மறந்துபோனது. வெண்ணாற்றுக்கு அக்கரையில் செல்லம்மாக்காவின் புருஷன் வாய்வார்த்தைக் குத்தகையில் பயிர் வைத்திருந்தார். அவர் செத்த பிறகு அக்கா விடாமல் பயிர் வைத்தார். இப்போது மிராசுதார், அது தன் சொந்தச் சாகுபடி, அந்தப் பொம்பளை யாரென்றே தெரியாது என்கிறார். தாசில்தார் விசாரணை வருகிறது. நிலம் போனால் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு கதியில்லை.

"ஊருல கேட்டா எவனும் வாயத் தொறக்க மாட்டான் பாய். நான் அறுக்குறத ஒரு படம் எடுத்துக் குடுங்க. படத்துக்குப் பயம் கெடையாதுல்ல?"

மறுநாள் காலை வயலுக்குப் போனோம். அறுப்பு ஆள்கள் இறங்கியிருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். பாய் ரோலை மாட்டினார். "சாட்சி ரெண்டு பேரு வாங்க" என்றார். சாட்சி என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லாத் தலைகளும் கதிருக்குள் புதைந்தன.

"நானே சொல்றேன் பாய், சுத்துது. எடுங்க" என்றார் அக்கா.

"நீங்க ஒரு பக்கம். மிராசுதார் பக்கத்து ஆளு?"

"அட பாவி மனுஷா! அவங்க தடியத் தூக்கிட்டு வருவாங்க!"

"வரட்டும் தங்கச்சி. வந்தாத்தானே சாட்சி."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டபடியே வந்தார்கள். முன்னால் குடை பிடித்துக்கொண்டு மிராசுதாரின் காரியஸ்தர், பின்னால் தடியோடு ஆள்கள். "எவன்டா இங்க படம் புடிக்கிறது?" என்று காரியஸ்தர் வாயைத் திறக்க, பாய் மலர்ந்த முகத்தோடு எழுந்து ஓடி, "வாங்கய்யா, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்" என்று காமிராவை மூக்குக்கு நேரே நீட்டி லீவரைத் தள்ளினார். "சுத்துதா?"

காரியஸ்தர் மகள் கலியாணத்துக்கும் பாய்தான் படம் எடுத்திருந்தார். பழகிப்போன வாய். "சுத்துது பாய்" என்றார்.

"அப்படியே தங்கச்சி பக்கத்துல நில்லுங்க."

போட்டோ என்றதும் மனிதனுக்கு என்ன ஆகிறதோ தெரியவில்லை. காரியஸ்தர் துண்டைச் சரிசெய்துகொண்டு, அரிவாளும் கதிருமாக நின்ற அக்காவின் பக்கத்தில் குடையோடு நிமிர்ந்து நின்றார். டிக். அடுத்த கணம்தான் அவருக்கு உறைத்தது. "டேய், அந்தக் காமிராவப் புடுங்குங்கடா!"

பாய் கம்பளிக்குள் புகுந்து வரப்பில் சுருண்டு, திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். இழுத்தார்கள், அவர் அசையவில்லை. ஒரு தடி இடது தோளில் விழுந்தது. கம்பளிக்குள் 'யா அல்லா' என்று ஒரு முனகல். குமிழ் திருகும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. நான் குறுக்கே பாய்ந்து எனக்குரிய பங்கை வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறி வந்து சுற்றி நின்றார்கள். அவர்களில் மூத்தவரான வீரம்மா, "இன்னொரு அடி விழுந்துச்சுன்னா, இந்த அருவா நெல்லு மட்டுந்தான் அறுக்கும்னு நெனைக்காதீங்க" என்றார். ஓங்கிய தடிகள் இறங்கின. கம்பளியிலிருந்து, "பேசாதீங்கம்மா, காது கேக்கல" என்று ஒரு குரல் வந்தது. காரியஸ்தரின் ஆள் ஒருவனே சிரித்துவிட்டான்.

படம் அருமையாக விழுந்திருந்தது. தாலுகா ஆபீசில் அதைப் பார்த்த மிராசுதாரின் வக்கீலுக்கும் பரம திருப்தி. "பாருங்க சார், இந்தம்மா கூலிக்கு அறுக்க வந்திருக்காங்க. எங்க காரியஸ்தர் பக்கத்துல நின்னு மேற்பார்வை பண்றாரு. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

தாசில்தார் தலையசைத்தார். அடிபட்ட கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் நின்ற பாயின் முகத்தை நான் பார்த்தேன். விளக்குமாறு தேடிய வீட்டில்கூட அவர் அப்படிக் கூனிக்குறுகி நின்றிருக்க மாட்டார். குடையைப் படத்துக்குள் நிறுத்தியது அவருடைய சட்டம்தானே.

"ஊர்க்காரங்க யாராவது சொல்றீங்களா? சாகுபடி இந்தம்மாதானா?" என்றார் தாசில்தார்.

வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிராசுதாரின் மகன் வாசலைத் திரும்பி முறைத்தான். அங்கே நின்ற அறுப்புப் பெண்கள் மெல்லத் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

"தலையாட்டாதீங்கம்மா!" பாய் கத்தியதில் டவாலி சேவகர் துள்ளி எழுந்தார். "வாயத் தொறந்து சொல்லுங்க!"

வீரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். "நாத்து விட்டது செல்லம்மா. நடவுக்கு எங்களக் கூப்பிட்டது செல்லம்மா. தண்ணிக்கு மடையில காவக் கெடந்தது செல்லம்மா. கூலி அளந்தது செல்லம்மா. கொடையப் புடிச்சுக்கிட்டு வந்தது மட்டுந்தாங்க அவரு." அதற்குப் பிறகு மற்றவர்களை நிறுத்துவதுதான் தாசில்தாருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

பெயர் பதிவாகிவிட்டது. ஆபீஸ் வாசலில் செல்லம்மாக்கா கொஞ்சநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாய், அந்தக் கொடைக்காரன் இல்லாம என்னைய மட்டும் ஒரு படம் எடுங்க" என்றார்.

பாயின் கழுத்தில் காமிரா பழக்கதோஷத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கை அடிபட்ட நாளிலிருந்து அவரால் ரோல் மாட்ட முடியவில்லை. உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அக்காவை ஒரு கணம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒற்றைக் கையால் காமிராவைக் கண்ணுக்குத் தூக்கி, விரல் நுனியால் வளையத்தை நிதானமாகத் திருப்பி, "கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க தங்கச்சி" என்றார்.

அக்கா திரும்பிச் சிரித்தார். நான் சைக்கிளை, படத்தில் விழாதபடி, ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன்.