நெற்றியில் ஓடிய படம்

முதல் படம் எடுத்தவனை அடையாளம் காண்பது சுலபம். தோளில் ஒரு பை தொங்கும். பைக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும். சாப்பிடும்போது மடியில் வைத்திருப்பான், தூங்கும்போது தலையணைக்கடியில் வைத்திருப்பான். இப்படிப்பட்ட ஆட்கள் ஒரே மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால், மேலே இருப்பது நெற்றியார் வீடு.

நெற்றியார் செய்வது இதுதான். டிஸ்க்கை வாங்கி நெற்றியில் ஒட்டிக்கொள்வார். கண்ணை மூடுவார். கம்ப்யூட்டர் வேண்டாம், திரை வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். படம் முழுவதும் அவர் மண்டைக்குள் ஓடி முடிந்துவிடும். பிறகு எந்தக் காட்சி படத்தைப் பிடித்த பீடை என்று சொல்வார். வெட்டி எறிந்தால் படம் ஓடும். வெட்டியும் ஓடவில்லையா? "முழுசா வெட்டலப்பா, நிழல் தங்கிடுச்சு" என்பார். மறுபடி வா, மறுபடி பணம் வைத்த உறை கொடு.

ஒரே ஒரு ஆளுடைய படம் நிஜமாகவே ஓடிவிட்டது. அந்த ஆள் டிவியில் வந்து, "எல்லாம் நெற்றியார் பார்வை" என்று கண் கலங்கினார். அந்தப் பேட்டி நெற்றியார் கூடத்தில், சுவரை அடைத்த டிவியில் நாள் முழுக்க ஓடும். ஓடாத படக்காரர்களை எந்த டிவி கூப்பிட்டுப் பேட்டி எடுக்கிறது?

அந்தப் படியில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி இயக்குநர். அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நடிக்க வந்த பெண் முதல் நாளே சொல்லாமல் போய்விட்டதால், கதாநாயகியும் அவள்தான். படம் எடுத்ததும் அவள் வீட்டில்தான். சத்தம் பதியும் என்று ஃப்ரிட்ஜை அணைப்பார்கள், திரும்பப் போட மறப்பார்கள். படம் முடிவதற்குள் எத்தனை பாக்கெட் பால் கெட்டது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். வேலைக்கு லீவு போட்டு, திட்டிக்கொண்டே நடித்தாள்.

கணவன் போன பிறகு, அவன் விட்டுப்போன காரை ஓட்டப் பழகும் ஒருத்தியின் கதை அது. நின்ற காருக்குள் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. பார்த்த நாலு பேரும் அந்த இடத்தில் மூச்சு விடவில்லை. திரைப்பட விழாவுக்குப் படம் அனுப்ப அந்த வாரம்தான் கடைசி. அனுப்புமுன் நெற்றியில் ஒட்டிக் காட்டாவிட்டால் தம்பிக்கு உறக்கம் வராதாம்.

பக்கத்தில் ஒரு தாடிக்காரர். அவரும் இயக்குநராம். நாலு வருஷமாக நெற்றியார் சொன்னபடி வெட்டி வெட்டிக் கொண்டுவருகிறாராம்.

"தம்பி, உங்க படம் என்ன கதை?"

முதல் படம் எடுத்தவனிடம் இதைக் கேட்கவே கூடாது. கேட்டால் நிறுத்தமாட்டான். வீட்டில் எவரும் காது கொடுக்காத கதையை ஒருத்தர் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். தம்பி எழுந்து நின்று நடித்தே காட்டினான்.

"ஒரு செவப்புக் கார்ண்ணே. கராஜ் ஷட்டர் பாதி தொறந்திருக்கு. உள்ள அவ மட்டும்..."

"அடடா! படத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?"

"இதாண்ணே. இதுக்காகத்தான் படமே எடுத்தேன்."

தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புதுசா வெட்டினத மட்டும் காட்டிட்டு வந்துடறேன்" என்று பக்கத்து வாசல் வழியாக உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் தம்பியைக் கூப்பிட்டார்கள். கூடம் நிறைய ஆட்கள். நெற்றியார் டிஸ்க்கை ஒட்டினார்.

"காரு... செவப்புக் காரு. நகராம நிக்குது. உள்ள ஒரு பொம்பள, வாயே தொறக்க மாட்டேங்கறா. அவ உக்காந்திருக்கற வரைக்கும் உன் படமும் நகராதுப்பா. வெட்டு!"

தம்பி அங்கேயே தேம்பித் தேம்பி அழுதான். கூடம் சிலிர்த்தது. அக்காவுக்கு மட்டும் சிலிர்க்கவில்லை. அவள் அந்தக் காருக்குள் உட்கார்ந்தவள். அது பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய கார். கீறல் விழுந்துவிடுமோ என்று அவர் துணியும் கையுமாகக் கூடவே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "டேய், படத்துல காரு என்ன கலரு?"

"செவப்பு."

"நாம எடுத்த காரு?"

தம்பி விழித்தான். "எடுத்தது நீலம். செவப்பு கிடைக்கலையே. ஆனா என் மனசுல இன்னும் செவப்புதான்க்கா."

"அந்தாளு நெத்தியில ஓடினது எடுத்த படமா, உன் மனசா?"

தம்பி யோசித்தான். யோசித்துச் சொன்னான் பாருங்கள்: "அக்கா! என் மனசுக்குள்ள இருந்த படத்தையே பார்த்துட்டாருக்கா!"

பக்தி பிடித்தவனிடம் ஓட்டையைக் காட்டினால், அதையும் ஜன்னல் என்பான். அவன் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் காட்சியின் தலையில் கத்தரியை வைத்துவிட்டான். அக்கா அவன் கையைப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை போவோம். இந்தத் தடவை நான் காட்டறேன். அவரு சரியா சொல்லிட்டா நானே என்னை வெட்டிப் போடறேன். ஆனா அங்க நீ வாயத் தொறக்கக்கூடாது."

மறுநாள் படியில் அதே தாடிக்காரர்.

"என்னம்மா, மறுபடியும்?"

"நானும் ஒரு படம் எடுத்துட்டேன்."

அந்தப் படியில் யார் படம் எடுத்தேன் என்றாலும் யாருக்கும் ஆச்சரியம் வராது. "என்ன கதை?" என்றார்.

அக்கா அவிழ்த்துவிட்டாள். கடலோரம் பிரிந்த இரட்டைப் பிள்ளைகள். இருபது வருஷம் கழித்துக் கலங்கரை விளக்கத்து ஏணியில், ஒருத்தன் ஏற, ஒருத்தன் இறங்க, நடுவில் சந்தித்துக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். "எனக்குப் பிடிச்ச இடமே அந்த ஏணிதாங்க!" தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனார்.

கூடத்தில் நெற்றியார் டிஸ்க்கை ஒட்டினார்.

"கடலு... ரெட்டைப் புள்ளைங்க... ஏணி! அந்த ஏணிதாம்மா பீடை. வெட்டு!"

"நல்லாத் தெரியுதுங்களா ஐயா?"

"கண்ணாடி மாதிரி தெரியுது."

"எங்களுக்கும் தெரியட்டுமே" என்று டிஸ்க்கை அவர் கையிலிருந்தே வாங்கி, பேட்டி ஓடிக்கொண்டிருந்த டிவியில் சொருகினாள்.

திரையில் கடல் வரவில்லை. டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று பின்பக்கமாக வந்தது. உள்ளிருந்து அக்காவின் குரல்: "கண்ணாடியப் பாருங்க சார்! கிளட்ச்ச மிதிங்க! கிளட்ச்சு! ஐயோ, அது ஆக்சிலேட்டரு!" கார் குப்பைத் தொட்டியை இடித்துத் தள்ளியது. அடுத்த பாடத்தில் வேறொருவர் அதே தொட்டியை இடித்தார். டிஸ்க் முழுக்க அதுதான், ரிவர்ஸ் எடுக்கும் பாடம்.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள்.

"சோதிச்சா சக்தி விலகிடும்!" என்று கத்தினார் நெற்றியார்.

"விலகினா ஒண்ணுமே தெரியக்கூடாதே ஐயா? ஏணி எப்படித் தெரிஞ்சுது? அந்தக் கதைய நான் சொன்னது இவரு ஒருத்தர்கிட்டதான்." திரும்பி, வாசலோரம் நின்ற தாடிக்காரரைக் காட்டினாள். "இவர்கிட்ட பிடிச்ச இடம் எதுன்னு சொன்னவங்க கையத் தூக்குங்க."

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன.

"அதையே வெட்டச் சொன்னாங்களா? இல்லேன்னா கைய இறக்கிடுங்க."

ஒரு கையும் இறங்கவில்லை.

"பிடிச்சத வெட்டச் சொன்னா எவனும் முழுசா வெட்டமாட்டான். படம் ஓடலேன்னா பழி உங்க தலையில. இவ்வளவுதான் பார்வை."

கையைத் தூக்கியபடியே ஒரு வழுக்கைத் தலைக்காரர் சொன்னார்: "நான் முழுசா வெட்டிட்டேம்மா. எங்கப்பா பேசற இடம். நிழல்கூட இருக்கக்கூடாதுன்னாரு, அசலையும் அழிச்சுட்டேன். இப்ப அப்பாவும் இல்ல."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தாடிக்காரர் படியில் பாய்ந்தார். யாரோ அவர் பையைப் பிடித்து இழுத்ததில் டிஸ்க் பெட்டி விழுந்து திறந்துகொண்டது. நாலு வருஷமாக வெட்டிய படம் அல்லவா, உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை. காலிப் பெட்டி. நெற்றியார் உள்ளறையில் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவை உடைக்கத்தான் ஆள் பஞ்சமில்லை.

தம்பி வீட்டுக்குப் போய் ஒரு ஃபிரேமும் குறையாமல் படத்தை விழாவுக்கு அனுப்பினான். அனுப்பிவிட்டுக் கேட்டான்: "ஓடுமாக்கா?"

"எனக்கென்னடா தெரியும்? பார்க்கறவன் சொல்லுவான். அடுத்த தடவையாவது எடுத்த காரோட கலர ஞாபகம் வச்சுக்க. மொதல்ல போய் ஃப்ரிட்ஜப் போடு."

அந்த மாடிப்படி இப்போது காலி என்றா நினைக்கிறீர்கள்? பாதிப் பேர் அன்று சாயங்காலமே வேறொரு படிக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒருவர் பென் டிரைவை முகர்ந்து பார்த்தே வசூலைச் சொல்கிறாராம். போகிறவர்களே, ஒன்று சொல்கிறேன். உங்கள் நெற்றிக்குப் பின்னாலும் ஒன்று வைத்திருக்கிறது. வாங்கின நாளிலிருந்து உறை பிரிக்காமல் கிடக்கிறது. அதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதற்கு வரிசையில் நிற்க வேண்டாம், உறையும் கொடுக்க வேண்டாம்.