எலெக்ட்ரானை யாரும் கேட்கவில்லை

பத்தாவது சயின்ஸில் ஃபெயிலானவனைக் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லிவிடுவான். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு இது தெரியவில்லை என்றால், அது என் குற்றமா?

மாப்பிள்ளை குன்னத்தூர்க்காரர். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, திருப்பூரில் பனியன் துணி வெளுக்கும் பட்டறையில் வேலை. அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். அதற்கு முன் வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்ததால், இதுவாவது கூடி வரட்டும் என்று அம்மா என்னிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் உப்புப் பலகாரம் தொடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஜிலேபி காலி. மிக்சர் தட்டு அப்படியே இருந்தது.

மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். நான் மறுபடி பரீட்சை எழுதப் போவது தெரிந்ததும், உப்பு எப்படி உண்டாகிறது, அயனிப் பிணைப்பைச் சொல்லு பார்ப்போம் என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. (டுட்டோரியலில் நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம் அது.)

"சோடியம் உலோகமுங்க. அதோட வெளி வட்டத்துல ஒரே ஒரு எலெக்ட்ரான். எப்படா தள்ளி உடலாம்னு இருக்கும். குளோரின் அலோகம். அதுக்கு ஒண்ணு கொறவு. எப்படா வாங்கலாம்னு இருக்கும். இது குடுத்துட்டு ப்ளஸ் ஆயிரும், அது வாங்கிட்டு மைனஸ் ஆயிரும். ப்ளஸ்ஸும் மைனஸும் இழுத்து ஒட்டிக்கும். அதானுங்க உப்பு."

மாப்பிள்ளை தலையாட்டினார். அதோடு நிறுத்தினால் நான் நானா?

"இப்ப எங்க ஊடு சோடியமுங்க. அக்கா எலெக்ட்ரான். நீங்க குளோரின். அது தனியா இருந்தா வெசவாயுங்க, நீங்க உள்ள வரும்போதே உங்க பட்டறை ப்ளீச்சிங் பவுடர் நெடி அடிச்சுதே, அந்த வாசம். எங்கக்கா வந்தாத்தான் நீங்க சோத்துல போடற உப்பாவீங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "எந்திரி சாமி, போலாம்."

அவர்கள் வாசலுக்குப் போவதற்குள் அக்கா சமையல்கட்டிலிருந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நான் பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

"அவன் ஒண்ணச் சொல்லாம உட்டுட்டானுங்க. அந்த எலெக்ட்ரானுக்குப் போக இஷ்டமான்னு யாருமே கேக்கலீங்க."

மாப்பிள்ளை திரும்பி வந்தார். இஷ்டமா என்று அவளிடமே கேட்டார்.

"கல்யாணத்துக்கப்பறமும் வேலைக்குப் போவேனுங்க. செரின்னா, இஷ்டந்தான்."

அவர் தன் அம்மாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு மிக்சரை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா மெதுவாக உட்கார்ந்தார்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. அக்கா, குன்னத்தூர், மிக்சர் எல்லாம் போட்டு எழுதினேன். மறுபடி ஃபெயில். (திருத்தியவருக்கு அக்கா இல்லை போலிருக்கிறது.)

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் டிவி வாங்கினாலும் சரி, கிடா வெட்டினாலும் சரி, "எலெக்ட்ரானைக் கேட்டாச்சா?" என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அக்காவைக் கட்டிய மச்சான் இந்தக் கதை முழுவதையும் அங்கே சொல்லிவிட்டு, "இந்த எலெக்ட்ரானுக்கு இஷ்டமாங்க?" என்றார். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"இல்லீங்க."

மிக்சரைத் தொடாமல் எழுந்து வந்தோம். இப்போதும் சொல்கிறேன், நான் நடத்திய பாடம் சரியான பாடம்.