வெள்ளி தவிர

கொசுவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் எல்லா ஊர்களிலும் தாராளமாகக் கிடைக்கும் ஓர் உயிரினத்தை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர் கனெக்‌ஷன்காரர். நீங்கள் எங்கே கிளம்பினாலும் நேராகப் போகிற வண்டியில் உங்களை ஏறவிடாமல், இங்கே ஏறி, அங்கே இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, இன்னொன்றைப் பிடித்து, அதிலிருந்தும் பாதி வழியில் குதிக்கச் சொல்வதற்கென்றே பிறந்தவர். நேர் வழி அவருக்கு அவமானம்.

கல்யாண வீட்டில் உங்களைப் பார்த்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டார். "எப்படி வந்தீங்க?" என்பார். நீங்கள் எந்த வழியைச் சொன்னாலும் அது தப்பான வழி. துக்க வீட்டிலும் இதே கேள்விதான். தகப்பனாரைப் பறிகொடுத்துச் சென்னையிலிருந்து அலறியடித்து வந்த ஒருவரிடம், மேல்மருவத்தூரில் இறங்கி மாறியிருந்தால் இருபது நிமிடம் மிச்சமாகியிருக்கும் என்று ஒரு கனெக்‌ஷன்காரர் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தார். அவ்வளவு சக்தி வாய்ந்த வியாதி இது.

எங்கள் செஞ்சிக்கு வாய்த்தவர் கிறிஸ்டோபர். பயணிகளைக் காக்கும் புனிதரின் பெயரைப் பெற்றோர் ஆசையாக வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என இரண்டு பேனா. சிவப்பு ரயிலுக்கு, நீலம் பஸ்ஸுக்கு. செல்போனில் ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் செயலிகள் மட்டும் நான்கு. ரயில் நிலையமே இல்லாத ஊரில் பிறந்த ஒருவருக்கு ரயில் மேல் இவ்வளவு மோகம் எப்படி வந்தது என்கிறீர்களா? நிலையம் இருந்திருந்தால் ரயில் ஓடும் ஊர்க்காரர்களைப் போல அவரும் வாரம் ஒருமுறை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நொந்து, தெளிந்திருப்பார்.

போன ஆகஸ்டில் எங்கள் மாதா கோயில் பங்கிலிருந்து பதினோரு பேர் வேளாங்கண்ணி நடைப்பயணத்துக்குக் கிளம்பினோம். சிதம்பரத்தில் ஒரு சின்னக் கோயிலில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சாமியார் கொடியை மந்திரித்துக் கொடுப்பார். அங்கிருந்து கொடிக்குப் பின்னால் நடை. எங்களில் பத்துப் பேருக்கு அது வருஷா வருஷம் போகிற யாத்திரை. அருளம்மாளுக்கு மட்டும் அப்படியில்லை. அவர் மகள் எஸ்தருக்கு எட்டாவது மாதத்தில் பிரஷர் ஏறி, தாயா பிள்ளையா என்று டாக்டர்கள் கையை விரித்த நேரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவர் மாதாவிடம் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. இரண்டு உயிரும் பிழைத்தால், கொடி மந்திரிக்கிற இடத்தில் நின்று, முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை செருப்பில்லாமல் நடக்கிறேன் என்று. இரண்டும் பிழைத்தன. ஆகவே பன்னிரண்டு மணிக்கு அவர் அங்கே நின்றாக வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், கிறிஸ்டோபருக்கும் தெரியும்.

செஞ்சியிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு பஸ், விழுப்புரத்திலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு பஸ். ஆறு மணிக்கு ஏறினால் பத்தரை, பதினொன்றுக்குள் போய்விடலாம். இதைச் சொல்ல ஒரு நிபுணர் தேவையா? தேவையில்லை என்பதுதான் கிறிஸ்டோபருக்குப் பிரச்சினை. ஒரு மாதம் உழைத்து, லேமினேஷன் போட்ட காகிதத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். 6.10 பஸ்ஸில் திண்டிவனம், 7.40 ரயிலில் விழுப்புரம்; அங்கே பிளாட்பாரம் மாறி 8.34 பாசஞ்சரில் சிதம்பரம். மாறுவதற்கு ஒன்பது நிமிடம். ஒன்பது நிமிடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 'போதும்' என்று எழுதியிருந்தார். எங்களில் மூன்று பேருக்கு மூட்டுவலி.

புறப்படும் நாள் விடியற்காலையில் பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ் தயாராக நின்றது. ஜன்னலோரம்கூடக் காலி.

"தம்பி, இது விழுப்புரந்தான போவுது? இதுலயே ஏறிட்டா இன்னா?" என்றார் அருளம்மாள்.

கிறிஸ்டோபர் சிரித்தார். டாக்டரிடம் போய் நோயாளி மருந்து பெயர் சொன்னால் டாக்டர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "அக்கா, பஸ்ஸ நம்ப முடியாது. ட்ரெயினுதான் கேரண்டி. கனெக்‌ஷன் பக்காவா இருக்குது, நீங்க டென்ஷன் ஆவாதீங்க."

"நான் பன்னண்டு மணிக்கு அங்க நிக்கணும், அவ்ளோதான்."

"பத்து அம்பதுக்கே நிப்பீங்க."

பக்கத்தில் டீக்கடை பச்சமுத்து கிளாஸ் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "இன்னிக்கி திண்டிவனம் ரோட்டுலயா போறீங்க? இன்னிக்கி இன்னா கெழமன்னு பாத்தீங்களா?"

யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான். லேமினேஷன் போட்ட காகிதத்துக்கு முன்னால் டீக்கடைக்காரர் பேச்சு எடுபடுமா?

அன்று வெள்ளிக்கிழமை. செஞ்சியில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். விடிவதற்குள் வேன் வேனாக ஆடுகள் இறங்கும், வாங்கியவர்கள் ஏற்றுவார்கள், ஏற்றியது இறங்கி ஓடும், ரோடு முழுக்க ஆடும் ஆளும் வண்டியுமாக நிற்கும். விழுப்புரம் சந்திப்பில் வண்டி எத்தனை நிமிடம் நிற்கும் என்று அறிந்த மகான், தன் கடை வாசலில் வாரா வாரம் ஆடு நிற்பதை மறந்துவிட்டார். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கிடா நடு ரோட்டில் நின்று அசையாமல் எங்களைப் பார்த்தது. அதற்கு எந்தக் கனெக்‌ஷனும் இல்லை. திண்டிவனம் நிலையத்துக்கு நாங்கள் ஓடிச் சேர்ந்தபோது மணி ஏழு ஐம்பத்தைந்து. ரயில் சரியான நேரத்துக்கு வந்து, சரியான நேரத்துக்குப் போயிருந்தது.

சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் வெட்கப்படுவான். இந்த இனத்தை நீங்கள் அப்படி எடைபோடக் கூடாது. கிறிஸ்டோபரின் முகம் மலர்ந்தது. பையிலிருந்து இரண்டாவது காகிதத்தை உருவினார். அதுவும் லேமினேஷன். வண்டியைத் தவறவிட்டால்தானே அடுத்த திட்டத்தைக் காட்ட முடியும்? புதுச்சேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கடலூருக்கு ஒரு பஸ், கடலூரிலிருந்து 10.50 ரயில்.

கடலூரில் இறங்கியபோது பத்து இருபது. சிதம்பரம் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அருளம்மாள் யாரையும் கேட்கவில்லை. படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"பதினொன்னே முக்காலுக்குள்ள போயிடுமா?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

"தாராளமா போயிடும், ஏறும்மா."

"அக்கா, இறங்குங்க, இறங்குங்க," என்று கிறிஸ்டோபர் ஓடிவந்தார். "ட்ரெயினு இதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே போயிடும். இன்னாத்துக்கு இதுல போயி அடிபடணும்?"

அருளம்மாள் எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தோம். அவர் காலைக் கீழே எடுத்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ரயில் நிலையத்தில் 10.50 வந்தது, ரயில் வரவில்லை. பதினொன்றேகாலுக்கு டிக்கெட் கவுண்டரில் போய்க் கேட்டோம். கவுண்டர்காரர் அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். 10.50-க்குப் பக்கத்தில் எறும்பு அளவில் இரண்டு வார்த்தை: 'வெள்ளி தவிர.' கிறிஸ்டோபரின் காகிதத்திலும் அது இருந்தது. மறுபடியும் கிழமை. நிமிடத்தை எல்லாம் மனப்பாடம் செய்தவருக்கு அன்று என்ன நாள் என்று தெரியவில்லை.

மறுபடி பஸ் பிடித்து, சிதம்பரத்தில் அந்தச் சின்னக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. வாசலில் காய்ந்த பூவும் நசுங்கிய தண்ணீர்ப் பாட்டில்களும் கிடந்தன. பெருக்கிக்கொண்டிருந்த பெண், கொடி சரியாகப் பன்னிரண்டுக்கே கிளம்பிவிட்டதென்றும், சாயங்காலம் கொள்ளிடத்தில் தங்குவார்கள் என்றும் சொன்னாள். அருளம்மாள் கோயில் படியில் உட்கார்ந்தார். அழவில்லை. செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தார்.

கிறிஸ்டோபர் செல்போனைப் பார்த்துக்கொண்டே அருகில் வந்தார். "அக்கா, ஒண்ணும் கெட்டுப் போவல. ரெண்டு ஆட்டோ புடிச்சா அரை மணிக்குள்ள கொடியப் புடிச்சிடலாம். நடுவுல ஒரு எடத்துல ஜாயின் பண்ணிக்கலாம். கணக்குப் பாத்தா முக்கால்வாசி நடை நமக்குக் கெடைக்கிது."

அருளம்மாள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார். "நான் இங்கேருந்து நடக்கறேன் தம்பி. நீ எங்க எறங்கி எங்க மாறணுமோ, மாறிக்க."

தார் கொதிக்கிற ஆகஸ்ட் வெயிலில், கொடி இல்லாமல், பாட்டு இல்லாமல், வெறுங்காலோடு அவர் தனியாகப் போனார். நாங்கள்? ஆட்டோவில் போனோம். ஆட்டோ அவரைத் தாண்டியபோது கிறிஸ்டோபர் மட்டும் வெளியே பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பி வருவதற்குச் செல்போனில் வழி தேடிக்கொண்டிருந்தார்.

இந்த இனத்திடமிருந்து தப்பிக்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள். முதலில் நீங்கள் அதில் சேர்த்தி இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். சோதனை சுலபம். இதைப் படித்துக்கொண்டு வந்தீர்களே, நடுவில் எங்கேயாவது, 'அட, விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, வடலூர் வழியாகப் போயிருக்கலாமே' என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டீர்களா? கையைச் செல்போன் பக்கம் கொண்டுபோனீர்களா?

அப்படியானால், அருளம்மாள் ஐந்தரை மணிக்குக் காலெல்லாம் கொப்புளத்தோடு கொள்ளிடம் வந்து, சுவரில் சாத்தியிருந்த கொடியைத் தொட்டு, அதன் காலடியில் உட்கார்ந்தார் என்பதை நானாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் கேட்கவே இல்லை.