உளுந்துச் செடியும் என் முடுக்கமும்

நேற்றுக் காலை எனக்கு ஒரே ஒரு வேலைதான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் என் ஸ்கூட்டி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடுகிறது என்று பார்க்க வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு உத்திரமேரூரில் ஒரு பள்ளியில் டெமோ கிளாஸ். ஒன்பதாம் வகுப்பு. திசைவேகம், முடுக்கம். எம்.எஸ்சி. முடித்த இரண்டு வருடத்தில் என்னைக் கூப்பிட்ட முதல் பள்ளி. புத்தகத்து ரயில் கணக்கையே போட்டால் என்னை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? சொந்தக் கணக்கோடு போனால் வேலை நிச்சயம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் ஊர் ஏரிக்கரை ரோடு நேராக இருக்கும். வண்டி நடமாட்டம் கிடையாது. ஆள் நடமாட்டமும் கிடையாது. அது எனக்கு இன்னும் முக்கியம். பத்து மணிக்குப் போனேன்.

ரோடு முழுக்க உளுந்துச் செடி.

பக்கத்துத் தெரு கன்னியம்மா அக்கா செடியைப் பரப்பிவிட்டு, ஏதாவது வண்டி ஏறினால் காய் உடைந்து உளுந்து உதிருமே என்று புளியமரத்தடியில் காத்திருந்தார். காலையிலிருந்து ஒரு வண்டியும் வரவில்லையாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

ஓரமாக நழுவப் பார்த்தேன். "ஏன் பாப்பா ஓரமா போற? மேல ஏத்து" என்றார்.

ஏற்றினேன். அந்தக் கோடிக்குப் போய், செல்போனில் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு, வேகமெடுத்துத் திரும்பி வந்தேன். செடியில் சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முடுக்கம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

எழுந்து மறுபடி கிளம்பிய என்னை அக்கா கைகாட்டி நிறுத்தினார். "இன்னாத்துக்கு இப்டி பறந்துக்கினு வர? காய் நசுங்கிப் பூடும். ஒரே மாதிரி போ கண்ணு. கூட்டாத, கொறைக்காத."

கூட்டாமல் குறைக்காமல் போனால் முடுக்கம் பூஜ்ஜியம். நான் வந்ததே அதை அளக்கத்தான். இதை விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். "சரிக்கா" என்று வந்தது.

போனேன். வந்தேன். ஒவ்வொரு முறையும் அக்கா செடியைப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கம் இன்னும் உடையவில்லை என்றார்.

பன்னிரண்டு மணிக்குச் செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. கும்பிடாத குறையாக ஒதுங்கி வழிவிட்டேன். அக்கா அதை நிறுத்தி, சுற்றிப் போகச் சொல்லிவிட்டார். டிராக்டர் ஏறினால் நேராகப் பருப்பாகவே போய்விடுமாம். ஸ்கூட்டிதான் பதமாம்.

ஒன்றரைக்கு விட்டார். துப்பட்டா முழுக்க உளுந்துத் தூசி. கையில் ஒரு எண்கூட இல்லை.

வகுப்பில் நுழைந்தேன். கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை. வேறு வழியில்லாமல் போர்டில் எழுதினேன்: நூறு மீட்டர் ரோட்டில் ஒரு பெண் ஸ்கூட்டியில் அறுபது முறை போய், அறுபது முறை திரும்பி வருகிறாள். கடந்த தூரம் எவ்வளவு? இடப்பெயர்ச்சி எவ்வளவு?

தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றார்கள். இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம், சராசரி திசைவேகமும் பூஜ்ஜியம் என்றார்கள். என் காலைப்பொழுதை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

ஜன்னலோரம் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், அவுங்க ஏன் மிஸ் வூட்டுக்குப் போவல?"

எம்.எஸ்சி. வரை படித்ததில் அதற்கு ஃபார்முலா வரவில்லை. கடைசி பெஞ்ச் சிரித்துவிட்டது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

சந்தோஷமாக, கவனமாக, வேறு ரோட்டில் வீட்டுக்குத் திரும்பினேன்.

அங்கே கொள்ளு பரப்பியிருந்தார்கள்.