கேப்டன் கொடுத்த ஐந்து நட்சத்திரம்

"'கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறைத் தொட்டாலும் உள்ளே ஒரு சத்தம் கேட்காது. தொட்டிலில் படுத்தபடி போவது போல இருக்கும்.' கேட்டுக்கினியா மாப்ளே? இன்னாமா எய்திக்கீறான் பாரு!"

எபினேசர் செல்போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு அதே வரியை மறுபடி வாசித்தார். சாலமனின் வாயில் இருந்த வஞ்சிரத் துண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஏனென்றால் அந்த வரியை எழுதியதே சாலமன்தான்.

எபினேசர், சாலமனின் மனைவி ஃப்ளோராவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். துபாயில் இருபது வருஷம் பெரிய மேனேஜராக இருந்துவிட்டு (இது அவர் வாயால் சொன்னது) போன வருஷம்தான் ராயபுரத்துக்கே திரும்பி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்தால் மனைவி ஷைனியுடன் நேரே தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள மீனும் காரும்.

கார் என்றால் ஏதோ ஒரு கார் இல்லை. சொகுசுக் கார் வகையிலேயே சின்னதாக, விலை குறைந்ததாக இரண்டு வண்டிகளைப் பொறுக்கி வைத்திருந்தார். ஒன்று அவேரா, இன்னொன்று டெல்மார். வாங்கியவர்கள் இணையத்தில் போடும் நட்சத்திரங்களைத்தான் அவர் வேதவாக்காக நம்பினார்.

"டெல்மாருக்கு நாலே கால். அவேராவுக்கு நாலரை. அந்தக் கால் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? இந்த 'ராயபுரம் கேப்டன்' அஞ்சுக்கு அஞ்சு குடுத்தாம்பாரு, அங்கேர்ந்துதான். அஞ்சு வருசமா வண்டி வெச்சிருக்கானாம். முடிவு பண்ணிட்டேன், அவேராதான்."

ராயபுரம் கேப்டனுக்குக் காது சுட்டது.

கேப்டன் அவேராவை ஓட்டியது மட்டும் உண்மை. எண்ணூர்த் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிப்போய் நிறுத்துவதுதான் சாலமனின் வேலை. சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம்புது வண்டிகள். நாலு பக்க விளக்கும் மினுக்கிக்கொண்டே போக வேண்டும். முப்பதுக்கு மேல் போகக்கூடாது. கப்பலின் வயிற்றுக்குள் ஒரு வண்டிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கை நுழையும் இடம் மட்டும் விட்டு நெருக்கி நிறுத்த வேண்டும். பக்கக் கண்ணாடியை மடக்கி, சாவியை கியருக்குப் பக்கத்தில் டம்ளர் வைக்கிற குழியிலேயே போட்டுவிட்டு, கதவை அரையும் குறையுமாகத் திறந்து ஒருக்களித்து வெளியே வந்தால் அந்தக் காருக்கும் அவனுக்கும் இருந்த உறவு முடிந்தது. வேனில் ஏறித் திரும்பி வந்து அடுத்த காரை எடுப்பான். இப்படி ஆயிரக்கணக்கில் கார் ஓட்டிய சாலமன், ஒன்றில்கூட முள் முப்பதைத் தாண்டிப் பார்த்ததில்லை.

'சீட் நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரி எழுதத்தான் அவன் அந்தத் தளத்துக்குள் போனான். எத்தனை வருஷமாக வண்டி வைத்திருக்கிறீர்கள் என்று அது கேட்டது. பதில் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்கு விடவில்லை. ஐந்து என்று அழுத்தினான். ஐந்து வருஷம் வைத்திருந்தவன் மைலேஜ் சொல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும்? மைலேஜ் சொன்னவன் நெடுஞ்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? சும்மா போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அப்படித்தான்.

"மச்சான், முகம் தெரியாத எவனோ எய்தினத நம்பி வாங்கலாமா?" என்றான் சாலமன் மெதுவாக.

"பின்ன உன்னைய நம்பி வாங்கறதா? நீ ஓட்றதுக்குப் பேரு காரா மாப்ளே? முப்பதுல உருட்டிகினு போய் வுட்டுட்டு வர்ற. அத்தத் தள்ளுவண்டிக்காரன்கூடச் செய்வான். கேப்டன் மெய்யாலும் ஓட்டினவன்!"

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஷைனி தலையை நிமிர்த்தினாள். "ஏங்க, முப்பதுல ஓட்டினா இன்னா கேவலமா?"

"நீ சும்மா இரு," என்றார் எபினேசர் சட்டென்று. அவள் ஆரஞ்சுக்குத் திரும்பினாள்.

சாலமன் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தான். 'கேப்டன் நான்தான் மச்சான்' என்று சொன்னால் சாகும்வரை எபினேசர் வாயில் அவன்தான் அவல். சொல்லாவிட்டாலோ, ஒரு மனுஷன் இருபது வருஷம் பாலைவன வெயிலில் கிடந்து சேர்த்தது அத்தனையும் அவன் விட்ட கதையை நம்பிக் கரையப்போகிறது. கை கழுவும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே 'உண்மை விளம்பி' என்ற பெயரில் அவேராவுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டான். ஏசி குளிரவில்லை, கடல்காற்றில் கதவு துருப்பிடிக்கிறது, கேப்டன் சொல்வது சுத்தப் புளுகு என்று தன்னைத்தானே திட்டியும் வைத்தான். அதை எழுதும்போது நெஞ்சில் பாரம் கொஞ்சம் குறைந்ததுபோலக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிறு எபினேசர் கொதித்துக்கொண்டு வந்தார்.

"எவனோ உண்மை விளம்பியாம். கஸ்மாலம்! நம்ம கேப்டனைப் போய்ப் புளுகன்றான். வுடுவனா? நறுக்குனு பதில் எய்திட்டேன். காய்க்கிற மரத்துலதான் கல்லடி வியும் மாப்ளே. இவன் இவ்ளோ பேஜார் பண்றான்னாலே வண்டி நல்ல வண்டின்னு அர்த்தம்."

"ஒருவேள அவன் சொல்றது நெசமா இருந்தா?"

"அவன் மூஞ்சி. எய்துன லட்சணமே சொல்லுது, வாழ்க்கைல அவேரால ஏறியே இருக்க மாட்டான்."

இனி கேப்டனே இறங்கி வந்தால்தான் உண்டு என்று சாலமனுக்குப் புரிந்தது. தன் ஐந்து நட்சத்திரத்தை இரண்டாகக் குறைத்தான். 'யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு விசேஷமில்லை' என்று ஒரு வரியும் சேர்த்தான். பிள்ளையார் பிடிக்கப்போய் அது குரங்காக முடிந்தது.

"டெல்மார்காரனுங்க கேப்டனை மெரட்டிக்கீறானுங்க!" என்றார் எபினேசர் அதற்கடுத்த ஞாயிறு. அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "அஞ்சு வருசம் கொயந்த மாதிரி வெச்சினு இருந்த வண்டிய ஒருத்தன் ஒரே நாள்ல வேணாம்பானா? இதோ, அவருக்குத் தனியா சேதி அனுப்பிட்டேன் மாப்ளே. 'நீங்களும் ராயபுரம், நானும் ராயபுரம். ஞாயித்துக்கெயம எந்தங்கச்சி வூட்டுக்கு வண்டியோட வாங்க. உங்க வாயால வேணாம்னு சொன்னா நான் வாங்கல'ன்னு."

அந்தச் சேதி சாலமனின் சட்டைப்பையிலேயே 'டிங்' என்று வந்து விழுந்தது. இருமி மழுப்பினான். கூடவே ஒரு நம்பிக்கையும் பிறந்தது. யாராவது வந்து, வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தண்டையார்பேட்டை உபைதுல்லா அவனுக்கு நெடுநாள் தோஸ்து. ஒரு கப்பல் ஏஜென்ட்டிடம் டிரைவர். ஏஜென்ட் வைத்திருந்தது அவேரா.

"பாய், ஞாயித்துக்கெயம ஒரு அரமணி நேரம் நீதான் கேப்டன். வண்டிய வாங்காதன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயினே இரு."

"அவ்ளோதானே? வுடு மாமு. மொதலாளி அன்னிக்குக் காட்டுப்பள்ளி ஹார்பருக்குப் போறாரு, கப்பல்காரங்க வண்டிலயே. நான் வந்துர்றேன்."

'ஞாயிறு வருகிறேன்' என்று கேப்டன் பேரில் சாலமன் பதில் போட்டான். சொன்னபடி உபைதுல்லாவும் வந்தான். பளபளவென்று அவேரா சந்துக்குள் நுழைந்து சாலமன் வீட்டு வாசலில் நின்றது. இஸ்திரி போட்ட சட்டையுடன் காத்திருந்த எபினேசர் ஓடிப்போய் உபைதுல்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கேப்டன்! இந்த ஒரு மாசமா உங்க எய்த்தைப் படிச்சிட்டுத்தான் நான் தூங்கறதே. சொல்லுங்க. வாங்கலாமா, வேணாமா?"

உபைதுல்லா வாயைத் திறந்தான். பிறகு வண்டியைத் திரும்பிப் பார்த்தான். தினமும் விடிந்ததும் அவன் கையால் குளிப்பாட்டித் துடைக்கிற வண்டி. திறந்த வாய் மூடிக்கொண்டது.

"வேணாம்னு சொல்லத்தான் சார் வந்தேன். ஆனா மனசாட்சின்னு ஒண்ணு கீதே! தங்கமான வண்டி. கண்ண மூடிகினு வாங்குங்க."

சாலமன் பின்னாலிருந்து அவன் முதுகைக் கிள்ளினான்.

"அப்ப ரெண்டு ஸ்டார் இன்னாத்துக்குப் போட்டீங்க?" என்றார் எபினேசர்.

"எந்த ஸ்டாரு?" உபைதுல்லா சாலமனைப் பார்த்தான். "இன்னா மாமு, இத்த நீ சொல்லவே இல்லியே?"

எபினேசரும் சாலமனைப் பார்த்தார். நல்லவேளையாக உபைதுல்லாவின் போன் அடித்தது. "மொதலாளி," என்று அவன் சந்து முனைக்கு நகர்ந்தான். அதே நேரம் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வந்த குட்டியானை லாரி ஒன்று வண்டிக்குப் பின்னால் நின்று ஹாரனை அலறவிட்டது.

"யோவ், யாருது இது? ஓரங்கட்டு! மீனு நாறுது!"

தப்பித்தால் போதும் என்று சாலமன் அவேராவில் ஏறினான். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. நாலு விளக்கும் மினுக்க, ஒரே வெட்டில் வண்டியைச் சுவரோடு சுவராக ஒட்டினான். கண்ணாடி மடங்கியது. சாவி டம்ளர் குழியில் விழுந்தது. கதவை அரையும் குறையுமாகத் திறந்து ஒருக்களித்து வெளியே வந்தான். குட்டியானை உரசாமல் போய்விட்டது.

வந்தபிறகுதான் தான் செய்தது உறைத்தது. இப்படி நிறுத்துகிற ஆள் ராயபுரத்தில் வேறு எவன்?

எபினேசர் சுவருக்கும் வண்டிக்கும் இடையே இருந்த இடத்தைப் பார்த்தார். மினுக்குகிற விளக்கைப் பார்த்தார். மடங்கிய கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சாலமன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனால் திட்டு வரவில்லை. "கேப்டன், ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டா?" என்று எபினேசர் குரல் கொடுத்தார். சந்து முனையில் முதலாளிக்கு ஆமாம் போட்டுக்கொண்டிருந்த உபைதுல்லா கையை ஆட்டினான். எபினேசர் அந்த இடுக்கில் ஒருக்களித்து உள்ளே நுழைந்தார். சாவி எங்கே என்று கேட்கவில்லை. சுவரில் தூசிகூடப் படாமல் ஒரே மூச்சில் வண்டியை வெளியே எடுத்தார். நாலு விளக்கும் மினுக்கியபடியே அவேரா தெருவில் ஊர்ந்து போயிற்று.

வாசலில் ஷைனியும் சாலமனும்தான் நின்றார்கள். அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி, அந்தக் கேப்டன் நான்தாம்மா. மைலேஜு பொய்யி, நூறுல போனேன்னு எய்தினது பொய்யி, எல்லாம் பொய்யி. முப்பதுல உருட்டினதத் தவிர எனுக்கு ஒண்ணுந் தெரியாது. உங்க காசு பாயாப்பூடும். நீயே அவராண்ட சொல்லிடு. மேனேஜரா வாய்ந்த மனுசன், அவரு மூஞ்சில நான் எப்டி முயிப்பேன்?"

ஷைனி அவன் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணைக் காரிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"மேனேஜரும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே, நீங்க இங்க கப்பல்ல ஏத்தி வுட்ட வண்டிய எல்லாம் இருவது வருசமா அங்க துபாய் ஹார்பர்ல எறக்கி வெச்சதே அவுருதான், முள்ளு முப்பதத் தாண்டிப் போறத ஒரு தபாவது கண்ணால பாக்கணும்னுதான் இந்தக் காரே."